மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதாக நினைக்காதீர்கள்

கும்பகோணம் பக்கம் என்னைப் போன்றவர்களுக்கு மாட்டு டாக்டர் என்றுதான் பெயர். போன ஐப்பசி மழையில் திருவிடைமருதூரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் பைக்கில் வந்தான், பின்னால் குடையோடு அவன் அம்மா, மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. "செத்துடுச்சு டாக்டர், எதனாலன்னு மட்டும் பாருங்க."

உள்ளே மெக்சிகோ சிவப்பு முட்டி டாரண்டுலா என்ற பெரிய வளர்ப்புச் சிலந்தி, மல்லாந்து கிடந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு கால் மெல்ல நெளிந்தது, முதுகு ஓடு டப்பா மூடி மாதிரித் திறந்துகொண்டிருந்தது. தோல் உரிக்கிறது, அவ்வளவுதான்! செத்த சிலந்தி பெரும்பாலும் குப்புறக் கிடந்து கால்களை அடியில் சுருட்டிக்கொள்ளும், ஏனென்றால் காலை மடக்கத் தசை இருக்கிறது, முக்கிய மூட்டுகளை நீட்டுவதற்கோ உடல் திரவத்தின் அழுத்தம்தான், அது போனால் கால் மடங்கிவிடும். தண்ணீர் வற்றினாலும் இப்படிச் சுருளும், அதனால் தட்டையான கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

அம்மா பாவப்பட்டுக் கரண்டியால் அதை இரண்டு தடவை நிமிர்த்திப் பார்த்திருக்கிறார். உரிக்கும் நேரத்தில் உடம்பு முழுக்க மெத்தென்று இருக்கும், தொட்டால் கால் பிய்ந்துவிடும். அந்த நேரத்தில் கூண்டில் விட்ட சுவர்க்கோழியே அதைக் கடித்துத் தின்னக்கூடும். சில வாரமாகச் சாப்பிடவில்லை, வயிற்றில் மயிர் உதிர்ந்த இடம் கறுத்திருக்கிறது என்றால் இரையை எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். உரித்த பிறகு பல் வெள்ளையாக இருக்கும், அது கறுத்துக் கெட்டியாக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை இரை போடவேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு, கொசு. வாய்க்காலும் வயலும் சூழ்ந்த வீட்டில் கொசுவர்த்தியோ லிக்விடோ இல்லாமல் யார் தூங்குகிறார்கள்? அதிலுள்ள பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்து கொசுவின் நரம்பைத் தாக்குகிற மாதிரியே சிலந்தியின் நரம்பையும் தாக்கும். சிலந்தி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். சம்பா வயலில் பிடித்த வெட்டுக்கிளியும் வேண்டாம், முந்தின நாள் என்ன மருந்து அடித்தார்களோ! வளர்த்த கரப்பானோ சுவர்க்கோழியோ போதும்.

கூண்டு உயரமாக வேண்டாம், தரையில் வாழும் வகை விழுந்தால் வயிறு வெடித்துவிடும். பின்காலால் அது தேய்த்து உதறும் மயிர் கண்ணில் பட்டால் கசக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். அப்புறம், இந்த வகை, அரிய உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பது. 2022 திருத்தத்துக்குப் பிறகு நம் வன உயிரினச் சட்டப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பையனுக்கு அது தெரியவே தெரியாது.

மருந்து அறையில் மின்விசிறியை நிறுத்தி டப்பாவை வைத்தோம். நாலு மணி நேரம் கழித்துப் புதுத் தோலோடு புரண்டு நிமிர்ந்தது, ஒரு கால் மட்டும் கோணல். உரித்த தோலை நனைத்து விரித்து லென்ஸில் பார்த்தேன், பெண். ஆண் சில வருடம்தான், பெண் 20 வருடத்துக்கு மேலும் இருக்கும் என்றேன். அம்மா மகனைப் பார்த்தார்.

"அப்ப இவன் கல்யாணத்துக்கும் இது வீட்டுல இருக்குமா டாக்டர்?"