கடை வாய்க்காலில் இணையம்

கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில் மாமி வீட்டு ரவுட்டர் மேசையில் இல்லை. குசினி யன்னல் கம்பியில், பழைய சீலைத் துண்டால் கட்டப்பட்டுத் தொங்குகிறது. டவர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வீட்டுக்குள் ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்து, கடைசியில் அகப்பட்ட இடம் அது. அப்படியிருந்தும் இரவு எட்டு மணிக்குக் கனடாவிலிருந்து மகள் வீடியோவில் வந்தால் முகம் உறைந்து நிற்கும், குரல் மட்டும் துண்டு துண்டாய் வரும். போன மாரியில் மாமி கேட்டார்: "இவ்வளவு காசு கட்டியும் ஏன் தம்பி இப்பிடி? வேற ஆரும் இஞ்ச வரமாட்டினமோ?"

கேட்டது இரண்டு கேள்வி. இணையம் ஏன் மெதுவாக இருக்கிறது, சேவை தர ஏன் வேறு நிறுவனம் இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் விளக்கலாம். உவமைக்கு நான் தூரம் போகவும் வேண்டியிருக்கவில்லை, வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுகிறது: இரணைமடுக் குளத்து வாய்க்கால்.

குளத்திலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து வயல் வாய்க்கால். தலைப்பக்கத்து வயல்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசி வயலுக்குச் சேறுதான் வரும். இணையமும் இப்படித்தான் கிளைகிளையாகப் பிரிந்து வருகிறது. நாட்டுக்கு வெளியிலிருந்து கடலடிக் கேபிள், கொழும்பிலிருந்து வடக்கே முதுகெலும்பு மாதிரி ஓடும் கண்ணாடி இழை, அங்கிருந்து டவர் அல்லது தொலைபேசிப் பரிமாற்றகம், அப்புறம் வீடு. ஒவ்வொரு கிளையும் எத்தனையோ பேருக்குப் பொது.

ஆனால் ஓரிடத்தில் உவமை உடைகிறது, அந்த இடம்தான் முக்கியம். குளம் வற்றும். இணையம் வற்றாது. பில்லில் 'இத்தனை கிகாபைட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, எங்கேயோ ஒரு தொட்டியிலிருந்து எங்களுக்கு அளந்து ஊற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு தொட்டி கிடையாது. நாங்கள் ஒரு கிகாபைட் குறைவாகப் பாவித்தால் அது யாருக்கும் மிஞ்சுவதுமில்லை. தட்டுப்பாடாக இருப்பது வாய்க்காலின் அகலம் மட்டும்தான், அதுவும் எல்லாரும் ஒன்றாய்த் திறக்கிற நேரத்தில்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 4ஜி டவரின் ஒரு பக்கம், நல்ல நிலையில், செக்கனுக்கு ஏறத்தாழ 100 மெகாபிட் தரும் என்று வையுங்கள். தெளிவான வீடியோ ஒன்றுக்கு 5 மெகாபிட் போதும். இருபது வீடு பார்த்தால் சரியாக இருக்கும். இரவு எட்டு மணிக்கு ஐம்பது வீடு பார்த்தால் 250 மெகாபிட் வேண்டும், இருப்பதோ 100. மகளின் முகம் உறைவது அதனால்தான். விடிகாலை இரண்டு மணிக்கு இரண்டு வீடுதான் விழித்திருக்கும். அதே டவர், கிட்டத்தட்ட அதே செலவு, வாய்க்கால் வெறுமனே கிடக்கிறது. 'நள்ளிரவுக்குப் பிறகு இலவச டேட்டா' என்று தனியாக ஒரு பங்கு தருகிறார்களே, அது கருணை இல்லை. அந்த நேரத்தில் தருவதால் அவர்களுக்குச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை.

ஐம்பது வீட்டுக்கு 'இருபது மெகாபிட் வரை' என்று விற்பதும் இந்தக் கணக்கை நம்பித்தான். எல்லாரும் ஒரே செக்கனில் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அதில் பொய் இல்லை, இப்படிப் பகிராமல் விலையைக் கட்டுப்படியாக்கவும் முடியாது. ஆனால் 'வரை' என்ற அந்தச் சின்னச் சொல்லை விளம்பரத்தில் எவ்வளவு சிறிய எழுத்தில் போடுகிறார்கள் என்று ஒரு தரம் பாருங்கள்.

"அப்ப ரிவி மட்டும் எப்பிடி அந்தக் காலத்தில எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்தது?" மாமியின் அடுத்த கேள்வி. நல்ல கேள்வி.

ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி வந்தால் கொக்காவில் கோபுரம் தெரியும். 1990இல் யுத்தத்தோடு அழிந்த ஒளிபரப்பு நிலையத்துக்குப் பதிலாக எழுந்து, 2011 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. உயரம் 174 மீற்றர். அன்றைக்கு இலங்கையில் அதைவிட உயர்ந்த கோபுரம் இல்லை. இவ்வளவு உயரம் எதற்கு? தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், அலை அடிவானம் தொடும் தூரம் கிலோமீற்றரில் வரும். 174இன் வர்க்கமூலம் 13.2, பெருக்கினால் 54. உங்கள் வீட்டு அன்ரனா பத்து மீற்றர் கம்பத்தில் நின்றால் அதற்கும் ஒரு 13 கூட்டலாம். மொத்தம் 67 கிலோமீற்றர். வன்னி தட்டையான நிலம், மறிக்க மலை இல்லை. கிளிநொச்சி நகரும் முல்லைத்தீவு நகரும் உள்ளே வந்துவிடும், வவுனியா நகரும் எட்டுகிற தூரம்தான்.

அந்த 67 கிலோமீற்றர் வட்டத்துக்குள் பத்து வீடு பார்த்தாலும் ஒரு லட்சம் வீடு பார்த்தாலும் கோபுரத்துக்கு ஒன்றுதான். கோயில் ஒலிபெருக்கி மாதிரி, கேட்பவர் கூடினால் சத்தம் குறையாது. இணையத்தில் மாமிக்கு வரும் முகம் மாமிக்கு மட்டுமே. பக்கத்து வீட்டுக்கு வேறு, அடுத்த வீட்டுக்கு வேறு. ஆளுக்கொரு தனிப் பங்கு வேண்டும். ரிவி பகிர்ந்தால் குறைவதில்லை, இணையம் பகிர்ந்தால் குறைகிறது. செலவுக் கணக்கு முழுக்க இந்த இடத்தில்தான் பிரிகிறது.

டிஷ் ரிவியும் ஒலிபெருக்கி வகைதான், கோபுரம் மட்டும் 36,000 கிலோமீற்றர் உயரத்தில். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கடல் எல்லை தெரியாது. அக்கரைச் சேவைகளின் அலை இங்கேயும் விழுவது அதனால்தான். ஆனால் அந்த அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான், பெருமழைத் துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். பழைய அன்ரனாவில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். டிஷ்ஷில் இருப்பது எண்ணாக்கிய (டிஜிற்றல்) படம். பிழைகளைத் திருத்தக்கூடிய அளவு வரை துல்லியமாக இருக்கும், அந்த அளவைத் தாண்டினால் கட்டம் கட்டமாக உடைந்து ஒன்றுமே இல்லாமல் போகும். கார்த்திகை மழையில், வெள்ளம் வருகிறதா என்று செய்தி பார்க்க வேண்டிய அதே நேரத்தில், ரிவி கறுப்பாகும். மாதக் கட்டணம் மட்டும் மழைக்கு நிற்காது.

சரி, மெதுவாக வருவதற்குக் காரணம் தூரமா? கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர நாலு மில்லி செக்கன்கூட ஆகாது. பதினைந்து கிலோமீற்றர் ஓடிய பிறகும் ஒளியின் வலு பாதிதான் குறைந்திருக்கும், அவ்வளவு தெளிந்த கண்ணாடி. ஆக, கொழும்பிலிருந்து ஏ9 வரைக்கும் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் முழுக்க ஏ9இலிருந்தும் பரந்தன் சந்தியிலிருந்தும் ஒழுங்கைக்குள் திரும்பும் அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றரில் இருக்கிறது.

அந்தக் கடைசித் துண்டுக்கு மூன்று வழி. முதலாவது செப்புக் கம்பி. கொழும்பில் பல வீடுகளுக்குப் பழைய தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையம் முதலில் வந்தது. வன்னியில் 2009இல் பல இடங்களில் கம்பி என்ன, கம்பம்கூட மிஞ்சவில்லை. சனம் மீளக் குடியேறியபோது சிடிஎம்ஏ போனும் கைத்தொலைபேசியும்தான் வந்தன, செப்புக் காலத்தை நாங்கள் பல இடங்களில் தாண்டிக் குதித்துவிட்டோம். பெரிய இழப்பில்லை. பரிமாற்றகத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர் போனால் செப்பில் வேகம் படுத்துவிடும்.

இரண்டாவது டவர். மாமி வீட்டில் இருப்பது இது. அலையின் அதிர்வெண் கூடினால் வாய்க்கால் அகலம் கூடும், எட்டும் தூரம் குறையும். இடையில் நிற்கும் மாமரமும் வேம்பும் மழையில் நனைந்தால் இலையில் இருக்கும் தண்ணீரே சிக்னலைக் குடிக்கும். யன்னலில் ரவுட்டர் தொங்குவதன் இரகசியம் அதுதான், குறைந்தது ஒரு சுவரையாவது கழித்துவிடலாம்.

மூன்றாவது ஒளியிழை. வழக்கமான அமைப்பில் ஒரே இழையில் செக்கனுக்கு 2,500 மெகாபிட் அளவு வரும். நடுவில் மின்சாரமே இல்லாத ஒரு கண்ணாடிப் பிரிப்பான் அதை 64 வீடு வரைக்கும் பங்கிடும். அறுபத்துநாலு வீடும் ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்தாலும் ஆளுக்கு 39 மெகாபிட் கிடைக்கும். டவரில் ஐம்பது வீட்டுக்கு ஆளுக்கு இரண்டு. மழை, இலை, சுவர் எதுவும் தடை இல்லை.

பிறகு ஏன் வருவதில்லை? இழை மலிவு. கம்பம் நடுவதும் கம்பி இழுப்பதும் ஆள் கூலியும்தான் செலவு, அது வீட்டுக்கு இவ்வளவு என்று வராது, கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று வரும். 2012 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 3,400 பேர். முல்லைத்தீவு மாவட்டத்தில் 38 பேர், நாட்டிலேயே ஆகக் குறைவு. கொழும்பில் ஒரு கிலோமீற்றர் கம்பியை நூறு வீடு சுமக்கும் என்று வையுங்கள். இங்கே எட்டு வீடு சுமக்க வேண்டும், ஒரு வீட்டின் தலையில் பன்னிரண்டு மடங்குக்கு மேல் விழுகிறது.

இப்போது மாமியின் இரண்டாவது கேள்வி. ஒருவர் அந்த எட்டு வீட்டுக்கும் கம்பி இழுத்துவிட்டார் என்று வையுங்கள். இரண்டாவது ஆள் வந்தால் அவரும் முழுச் செலவு செய்ய வேண்டும், கிடைப்பது அதிகம் போனால் நாலு வீடு. ஒரே வயலுக்கு இரண்டு வாய்க்கால் யாரும் வெட்டுவதில்லை. பொருளியலாளர் இதை இயற்கை ஏகபோகம் என்பார்கள். இதற்கு வேறு வழியே இல்லை என்று நான் நினைக்கவில்லை. கம்பத்தையும் டவரையும் ஒன்று வைத்து, அதன்மேல் பல நிறுவனங்கள் சேவை விற்கலாம். வீதி ஒன்று, பஸ் பல. அது பொறியியல் சிக்கல் இல்லை, யார் வீதி போடுவது, யார் வாடகையைத் தீர்மானிப்பது என்ற சிக்கல்.

நாடு முழுக்க எடுத்தாலும் ஆட்கள் குறைந்துகொண்டுதான் வருகிறார்கள். ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள் இருந்தன. 2018இல் எட்டிசலாட் ஹட்சோடு சேர்ந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. இப்போது மூன்று. டவர் ஒன்றை நிறுத்தும் செலவு பெரிது, சின்ன நிறுவனம் தாங்காது.

விலைக்கு வருவோம். டவர்ப் பெட்டி, இழை, ரவுட்டர், கடலடிக் கேபிளில் பங்கு, ரிவி அலைவரிசை உரிமம் என்று இவற்றில் பெரும்பாலானதை வெளிநாட்டுக் காசில்தான் வாங்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, டவரும் இரவு பகலாக மின்சாரம் தின்கிற சாமான்தான். செப்டெம்பர் 5 முதல் தொலைத்தொடர்புக் கட்டணம் 20 வீதமும் கட்டண ரிவி 25 வீதமும் கூட, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்தது. 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 ஆனது. மாமியின் பில் ஏறிய கதை இதுதான். டொலர் பிறகு 300 அளவுக்கு இறங்கியது, பில் இறங்கியதை மாமி காணவில்லை. ஒழுங்கையில் இரண்டாவது ஆள் இருந்திருந்தால் இறங்கியிருக்குமோ என்னவோ.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்தது. ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள், ரிவி செய்மதியைவிட அறுபது மடங்குக்கு மேல் கிட்ட, அதனால் பேச்சில் இடைவெளி தெரியாது. இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று இருக்கிறது. செய்மதியின் ஒரு கற்றை தரையில் பல கிலோமீற்றர் அகலத்துக்கு விழும், அந்தப் பரப்பிலிருக்கும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாய்க்கால்தான். கொழும்பில் அந்தப் பரப்புக்குள் லட்சக்கணக்கில் ஆட்கள் இருப்பார்கள், ஒட்டுசுட்டான் காட்டோரத்தில் அதில் ஒரு சிறு பங்குதான். கம்பிக்குச் சாபமாக இருந்த எங்கள் ஐதான குடியிருப்பு செய்மதிக்கு வரம். ஆனால் கருவிக்கு ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல், மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் என்றதும் மாமி சிரித்தார். "நெல்லு வித்தோ தம்பி கட்டுறது?"

கடைசியில் டிஷ் ரிவியை நிறுத்தினோம். கம்பத்தில் பழைய அன்ரனாவை ஏற்றிக் கொக்காவில் பக்கம் திருப்பினதும் நேத்ராவும் வசந்தமும் வந்தன, மாமிக்குச் செய்தியும் நாடகமும் போதும். பேரன் தனக்கு வேண்டிய படங்களை நள்ளிரவுக்குப் பிறகு இறங்கும்படி நேரம் குறித்து வைத்துவிட்டுத் தூங்குகிறான். மகளின் அழைப்பைக் காலை ஆறு மணிக்கு மாற்றினோம். ரொறன்ரோவில் அப்போது முதல்நாள் இரவு, இங்கே வாய்க்கால் காலி.

ஒளியிழைக்கும் கேட்டுப் பார்த்தோம். போதிய வீடுகள் சேர்ந்து விண்ணப்பித்தால் யோசிப்பதாகச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. ஏழு வீட்டில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். மற்ற இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன, சனம் வெளிநாட்டில்.