எசுப்பானியம்: ஒரு சொல்லும் அதன் முதல் எழுத்தும்

"ஸ்பானிஷ்னு எழுதினா எல்லாருக்கும் புரியுமே, எதுக்கு எசுப்பானியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. முதன்முதலில் வாசித்தபோது எனக்கும் நாக்கு இடறியது. ஆனால் அந்த 'எ' வெறும் ஒட்டு அல்ல. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

இன்று எசுப்பானியாவும் போர்த்துகலும் இருக்கும் தீபகற்பத்தை ரோமானியர் ஹிஸ்பானியா என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பீனீசிய வணிகர்கள் வைத்த 'முயல் கரை' என்பது ஒரு விளக்கம். பேரரசர் ஹேட்ரியன் வெளியிட்ட நாணயங்களில் ஹிஸ்பானியா ஒரு பெண்ணாகச் சாய்ந்திருப்பாள், பக்கத்தில் ஒரு முயல் இருக்கும். பெயருக்கு அது சான்றாகாது என்றாலும், அந்த நாடும் முயலும் அப்போதே சேர்ந்து பேசப்பட்டது தெரிகிறது.

காலப்போக்கில் முன்னிருந்த 'ஹ' ஒலி உதிர்ந்தது, 'இ' 'எ' ஆனது. நாடு எஸ்பான்யா, மொழி எஸ்பான்யோல். ஆங்கிலமோ முதல் உயிரெழுத்தையே விழுங்கி ஸ்பெயின் என்றது, 'இஷ்' என்ற தன் விகுதியை ஒட்டி ஸ்பானிஷ் என்றது. தமிழில் மெய்யெழுத்தைக் கொண்டு சொல் தொடங்காது. அதனால் நாம் ஓர் உயிரெழுத்தை முன்னால் வைக்கிறோம். ஆங்கிலம் தொலைத்ததைத் தமிழ் தன் இலக்கணத்துக்காகத் திருப்பி வைத்தது. அது சரியாகப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த விஷயத்தில் தமிழுக்கும் எசுப்பானியத்துக்கும் ஒரே குணம். 'ஸ்'க்குப் பின் இன்னொரு மெய் வரும்படி சொல்லைத் தொடங்க எசுப்பானியர்களுக்கும் வராது. லத்தீனின் 'ஸ்கோலா' அவர்கள் வாயில் 'எஸ்குவேலா' ஆனது. நம் ஊர்ப் பாட்டி 'இஸ்கூலு' என்பதும் இதேதான்.

எஸ்குவேலாவில் இன்னொன்றையும் பாருங்கள். லத்தீனின் குறில் 'ஒ' அழுத்தம் பெறும் இடத்தில் 'உவே' ஆகும். ஸ்கோலா எஸ்குவேலா ஆனதுபோல, போர்ட்டா புவேர்த்தா ஆனது. அந்தக் கணக்கில், ஹிஸ்பானியாக்காரரைக் குறிக்கும் லத்தீன் வடிவமான ஹிஸ்பானியோலுஸ் என்பது 'எஸ்பான்யுவேலோ' ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆகவே எஸ்பான்யோல் என்ற சொல்லே பிரான்சின் தென்பகுதியில் பேசப்பட்ட ஆக்சித்தான் மொழியிலிருந்து வந்தது என்பது பெரும்பாலான மொழியறிஞர்களின் முடிவு. தங்களைக் குறிக்கும் பெயரையே பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள்!

அப்படியானால் அவர்கள் சொந்தமாக வைத்த பெயர் என்ன? காஸ்தெயானோ. அரபு ஆட்சியாளர்களோடு மோதிய எல்லையில் கோட்டைகள் நிறைந்திருந்த வடபகுதி காஸ்தியா. லத்தீனில் 'காஸ்டெல்லா' என்றால் கோட்டைகள். ஆகக் கோட்டைநாட்டுப் பேச்சு. 1492இல் அந்த முஸ்லிம் ஆட்சியின் கடைசி அரசான கிரனாடா வீழ்ந்தது, கொலம்பஸ் கடல் கடந்தார், அந்தோனியோ தெ நெப்ரிஹா இந்த மொழிக்கு இலக்கணம் எழுதி அரசி இசபெல்லுக்குக் காணிக்கையாக்கினார். மொழி எப்போதும் பேரரசின் துணை என்று அதன் முன்னுரையிலேயே எழுதிவைத்தார்.

அதற்காக, கப்பல் இறங்கியதும் அமெரிக்கா முழுக்க எசுப்பானியம் பேசிவிட்டது என்று எண்ண வேண்டாம். பாதிரியார்கள் நாவாத்தல், கெச்சுவா போன்ற அமெரிக்கப் பழங்குடி மொழிகளைக் கற்று அவற்றிலேயே மதம் போதித்தார்கள். 1770இல் எசுப்பானிய அரசர் மூன்றாம் கார்லோஸ் அந்தப் பழங்குடி மொழிகளை ஒழிக்க ஆணையிட்டார். அப்படியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்றபோது எசுப்பானியம் பேசியவர்கள் அங்கே சிறுபான்மையினர்தான். மொழியைப் பட்டிதொட்டிவரை கொண்டுபோனவை பெரும்பாலும் புதிய குடியரசுகளின் பள்ளிக்கூடங்கள். அரசன் ஆணையைவிட எஸ்குவேலாவே அதிகம் சாதித்தது.

இன்று ஏறக்குறைய 50 கோடிப் பேருக்கு இது தாய்மொழி. அதிகம் பேசும் நாடு எசுப்பானியா அல்ல, மெக்சிகோ. ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினியாவிலும் இது ஆட்சிமொழி. பிலிப்பைன்ஸில் 1898வரை எசுப்பானிய ஆட்சி இருந்தும் மொழி நிலைக்கவில்லை, சொற்கள் நிலைத்தன. தகலோக் மொழியில் மேசைக்கு 'மேசா', காலணிக்கு 'சபாத்தோஸ்'. போர்த்துகீசியர் வழியே தமிழுக்கு வந்த மேசையும், இலங்கைத் தமிழர் சொல்லும் சப்பாத்தும் இவற்றின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

அப்புறம், எஸ்பான்யோலா காஸ்தெயானோவா என்ற வழக்கு அங்கேயே தீரவில்லை. எசுப்பானியாவில் மொழிக்கான அமைப்பாகிய அரச அகாதெமி 1925இல்தான் தன் அகராதியின் பெயரைக் காஸ்தெயானோவிலிருந்து எஸ்பான்யோலுக்கு மாற்றியது. அந்த நாட்டின் 1978 அரசியலமைப்போ காஸ்தெயானோ என்றே குறிக்கிறது. கட்டலானும் பாஸ்க்கும்கூட எசுப்பானியாவின் மொழிகள்தானே! அர்ஜென்டினாவிலும் காஸ்தெயானோ என்பார்கள், புவெனஸ் அயர்ஸ்காரர் வாயில் அது 'காஸ்தெஷானோ' என்று ஒலிக்கும்.

தமிழில் என் பரிந்துரை: பொதுவாக மொழிக்கு எசுப்பானியம். கிரந்தம் தேவை என்றால் ஸ்பானியம், அதுவும் தவறில்லை. கட்டலானோடு ஒப்பிட்டு எழுதும்போது மட்டும், காஸ்தெயானோவின் தமிழ் வடிவமாகக் காஸ்திலியம். எசுப்பானியர் என்பது அந்த நாட்டு மக்களைக் குறிக்கும் சொல். பெருவிலோ கொலம்பியாவிலோ பிறந்தவரை அப்படி எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார், அவர் எசுப்பானியம் பேசுபவர், அவ்வளவுதான்.