கம்பி அறுக்கக் கட்டிய கப்பல்

முதல் உலகப் போர்க் காலத்துக் கடல் கண்ணிவெடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடலடியில் ஒரு எடை. அதிலிருந்து மேலே போகும் கம்பி. கம்பியின் நுனியில், நீர்மட்டத்துக்குக் கீழே யார் கண்ணுக்கும் படாமல் நிற்கும் வெடி உருண்டை. இதை அகற்றுகிற கப்பல் நீண்ட வடத்தை நீருக்குள் இழுத்துக்கொண்டே போகும். கண்ணிவெடியின் கம்பி அதில் சிக்கி அறுந்ததும் உருண்டை மேலே வந்து மிதக்கும். துப்பாக்கியால் சுட்டு முடித்துவிடுவார்கள்.

அமெரிக்கக் கடற்படையின் 'ஃபால்கன்' இந்த வேலைக்காகக் கட்டப்பட்ட கப்பல்தான். நீளம் 57 மீட்டர். அது பணியில் சேர்ந்த நாள் 1918 நவம்பர் 12. போர் ஓய்ந்ததோ அதற்கு முந்தைய நாள்! ஆனால் கனமான வடங்களை இழுக்கும் வின்ச், அகன்ற பின்தளம், மெதுவாக நகர்ந்தபடி பாரம் இழுக்கும் வலு என்று கண்ணிவெடி அகற்ற வைத்த எல்லாமே மூழ்கிய கப்பலைத் தூக்கவும் உதவின. மூழ்கிப்போன எஸ்-51 நீர்மூழ்கியை 1926இல் மேலே கொண்டுவந்ததில் ஃபால்கனுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து வந்த எஸ்-4 நீர்மூழ்கியின் கதையை நினைத்தால் இன்றும் மனசு கனத்துப்போகிறது. 1927 டிசம்பர் 17இல், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள பிராவின்ஸ்டவுன் அருகே வேறொரு கப்பல் மோதி 40 பேரோடு அது மூழ்கியது. மறுநாள் ஃபால்கனிலிருந்து இறங்கிய முக்குளிப்பாளர் சுத்தியலால் தட்டினார். உள்ளிருந்து ஆறு தட்டு பதிலாக வந்தது. ஆறு பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் இருந்தது முப்பது சொச்ச மீட்டர் ஆழத்தில்தான். புயல் ஓயவில்லை. நம்பிக்கை இருக்கிறதா என்று மோர்ஸ் தட்டில் கேட்டவர்களை வெளியே கொண்டுவர எந்த வழியும் இல்லை.

அவர்கள் இறந்த பிறகுதான் கடற்படை விழித்துக்கொண்டது. சார்லஸ் மாம்சன் என்ற அதிகாரி முன்பே கேட்டிருந்த மீட்புக் கலத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆலன் மெக்கேன் அதை முழுமையாக்கினார். மேலே தூக்கிய எஸ்-4ஐயே சோதனைக் களமாக்கினார்கள். 1929இல் ஃபால்கன் நீர்மூழ்கி மீட்புக் கப்பல் என்று வகை மாற்றப்பட்டது.

கலம் என்றால் பேரிக்காய் வடிவ எஃகுக் கூடு. சுமார் ஒன்பது டன் எடை. மேலறையில் இரண்டு இயக்குநர்கள். கீழறை அடிப்பக்கம் திறந்தது. அதன் வாய்விளிம்பில் ரப்பர் வளையம். முதலில் முக்குளிப்பாளர் இறங்கி நீர்மூழ்கியில் ஆட்கள் ஏறி இறங்கும் வாயின் மூடிமேல் உள்ள வளையத்தில் ஒரு கம்பியை மாட்ட வேண்டும். கலம் இயல்பில் மிதக்கக்கூடியது. தன் வின்ச்சால் அந்தக் கம்பியைச் சுருட்டிக்கொண்டே தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். மூடியைச் சுற்றி உட்கார்ந்ததும் கீழறைத் தண்ணீரைக் காற்றால் வெளியேற்றி, பிறகு அந்த அழுத்தத்தையும் குழாய் வழியே மேலே விட்டுவிடுவார்கள். இங்கேதான் நான் எப்போதும் வியந்து நிற்பேன். உள்ளே நாம் தரையில் சுவாசிக்கிற அழுத்தம். வெளியே 74 மீட்டர் ஆழத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஏழரை கிலோ கூடுதல் அழுத்தம். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வாய் என்று வைத்துக்கொண்டால் நூறு டன்னுக்கு மேல் வருகிறது. அந்தக் கடலே கலத்தை நீர்மூழ்கியோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மூடியைத் திறந்து ஆட்கள் ஏறிவரலாம். உடம்பில் ஒரு துளி நனையாது.

இவ்வளவும் நடக்க மேலே கப்பல் அசையக்கூடாது. நான்கு திசையிலும் நங்கூரம் போட்டு, வடங்களைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் தளர்த்தி, சரியாக நீர்மூழ்கிக்கு நேர்மேலே ஃபால்கனை நிறுத்த வேண்டும்.

1939 மே 23இல் ஸ்குவாலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கியது. நியூ ஹாம்ப்ஷையர் கரைக்கு அப்பால், 74 மீட்டர் ஆழத்தில். எஞ்சினுக்குக் காற்று தரும் பெரிய வால்வு திறந்துகிடந்ததால் பின்பகுதியில் தண்ணீர் புகுந்து 26 பேர் இறந்தார்கள். முன்பகுதியில் 33 பேர் குளிரில் காத்திருந்தார்கள். மறுநாள் ஃபால்கன் வந்தது. முக்குளிப்பாளர் மார்ட்டின் சிபிட்ஸ்கி இறங்கிக் கம்பியை மாட்டினார். முதல் நடையில் ஏழு பேர். அடுத்த இரண்டிலும் ஒன்பது ஒன்பது பேர்.

நான்காவது நடையில் மிச்சமிருந்த எட்டுப் பேரோடு கலம் ஏறிவரும்போது, பாதி வழியில் கீழிழுக்கும் கம்பி வின்ச்சில் சிக்கிக்கொண்டது. கலத்தை மறுபடி கடலடிக்கு இறக்கி, முக்குளிப்பாளர் ஒருவர் போய் அந்தக் கம்பியை வெட்டிவிட்டார். ஆனால் தூக்குகிற கம்பியைப் பார்த்தவர்களுக்கு உயிரே போய்விட்டது. இழை இழையாகப் பிரிந்து, நூலளவு பிடிப்பில் நின்றது. வேறு கம்பி மாட்டப் பார்த்தார்கள். இருட்டிலும் குளிரிலும் முடியவில்லை. கடைசியில் வின்ச்சை நம்பாமல் ஃபால்கன் தளத்தில் ஆட்கள் வரிசையாக நின்று கையால் இழுத்தார்கள். கலத்துக்குள்ளே இயக்குநர்கள் மிஹலோவ்ஸ்கியும் மெக்டொனால்டும் மிதப்புத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட்டு, கம்பிமேல் பாரம் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். அதிகமாக விட்டால் கலம் மேலே பாய்ந்து கப்பலின் அடியில் மோதும். குறைத்தால் அந்த இழை அறும். நான்கு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. நள்ளிரவு தாண்டித்தான் கலம் மேலே வந்தது. 33 பேரும் பிழைத்தார்கள்.

ஃபால்கனுக்கு இன்னொரு அழைப்பும் வந்தது. 1941 ஜூன் 20இல் அதே கடற்பகுதியில் ஓ-9 என்ற நீர்மூழ்கி மூழ்கியது. இந்த முறை ஆழம் 134 மீட்டர். அந்த அழுத்தத்தை அதன் உடற்கூடு தாங்கவில்லை. முக்குளிப்பாளர்கள் உயிரைப் பணயம் வைத்து இறங்கினார்கள். ஆபத்து அதிகம் என்று மேலிடம் நிறுத்தச் சொன்னது. கலத்தை மாட்ட வேலையே இருக்கவில்லை. ஓ-9க்குள் இருந்தவர்களும் 33 பேர்.