வால்வுக்கு ஏன் குழாய் கட்டுகிறீர்கள்?

பழைய ராக் கிதார்க் கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ் வசனவரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். அவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு, மார்ஷல் நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பெட்டிகள். கீழே வரி ஓடுகிறது: "பழங்காலக் குழாய் ஒலிபெருக்கியின் வெப்பமான தொனி." பக்கத்தில் இருந்த அம்மா அதை வாசித்துவிட்டு, "குழாய் எங்கடா? மரத்துல கட்டியிருக்காங்களா?" என்று கேட்டார்.

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊரில் குழாய் என்றால், தண்ணீர்க் குழாய்க்கு அடுத்தபடி, கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் வேப்பமரத்து உச்சியில் கட்டுகிற புனல் ஸ்பீக்கர்தான். விடியற்காலை நாலரை மணிக்கு ஊரையே எழுப்புகிற அதே குழாய். அரசு அறிவிப்புகளில் அதற்குக் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்று பெயர். ஹென்ட்ரிக்ஸுக்குப் பின்னால் இருந்தது அது இல்லை, டியூப் ஆம்ப்ளிஃபையர். கிதாரின் மின்குறிப்பைப் பெருக்கித் தருகிற அந்தக் கருவியைத்தான் 'குழாய் ஒலிபெருக்கி' ஆக்கிவிட்டார்கள். இந்த மொழிபெயர்ப்பை நாலைந்து இடத்தில் பார்த்தாகிவிட்டது, இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் மூலச்சொல். அமெரிக்கர்கள் டியூப் என்பதை இங்கிலாந்துக்காரர்கள் வால்வு என்பார்கள், பொருள் ஒன்றுதான். 1904-இல் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங், காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழுக்குள் சூடான இழையையும் ஒரு தகட்டையும் வைத்து, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் போகவிட்டார். ஒருவழிக் கதவு மாதிரி வேலை செய்ததால் வால்வு. 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையை வைத்தார். வலையில் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம், தகட்டுக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். மதகுப் பலகையை ஒரு கையால் லேசாக ஏற்றி இறக்கினால் வாய்க்கால் முழுவதும் தண்ணீர் கூடிக் குறைவதைப் போல. கிதார்க் கம்பியின் சின்னஞ்சிறு அதிர்வு அரங்கம் நிறையும் சத்தமாக மாறும் வித்தை இவ்வளவுதான்.

ஆக, வால்வு என்பது வேலையைச் சொல்லும் பெயர். டியூப் என்பது உருவத்தை மட்டும் சொல்லும் பெயர். மொழிபெயர்ப்பாளர் அந்த உருவத்தைப் பிடித்துக்கொண்டுதான் மாட்டிக்கொண்டார்.

"அகராதியில் டியூப் என்றால் குழாய் என்றுதானே இருக்கிறது" என்பார்கள். அகராதியில் எல்லாம்தான் இருக்கிறது. சைக்கிள் டியூபை யாராவது சைக்கிள் குழாய் என்கிறோமா? டியூப்லைட்டுக்குத் தமிழ் தேடியவர்கள்கூடக் குழல்விளக்கு என்றார்கள், குழாய் விளக்கு என்று சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. தமிழில் குழாய் என்றால் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும், தண்ணீரோ புகையோ சத்தமோ. இதுவோ வாயடைத்த கண்ணாடிப் புட்டி, காற்றுகூட உள்ளே கிடையாது. அடைத்த குழாயைக் குழாய் என்று சொல்வது சோதனைச்சாலையில் மட்டும்தான் செல்லும்.

சரி, 'வெற்றிடக் குழல்' இருக்கிறதே? இயற்பியல் பாடத்துக்கு அது நல்ல சொல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'வெற்றிடக்குழல் பெருக்கி' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கிதார் வாசிக்கிற பையன் கடையில் போய் அப்படிக் கேட்பானா? சுருக்கிக் 'குழல் பெருக்கி' என்றால் புல்லாங்குழலுக்கு மைக் வைப்பதாகத்தான் படும்.

இதைவிடப் பெரிய கோளாறு 'ஒலிபெருக்கி'. இந்தச் சொல் தமிழில் ஸ்பீக்கருக்கு எப்போதோ போய்விட்டது. நியாயமாகப் பார்த்தால் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை, பெருக்கி வந்த மின்சாரத்தை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவுதான். பெயர் வைத்தவர்கள் அன்றைக்கே ஒரு படி தவறிவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்து அதைத் திருத்த யாராலும் முடியாது, விட்டுவிடலாம். ஆனால் ஆம்ப்ளிஃபையருக்கும் அதே பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும்?

"கிதார் ஆம்ப்ளிஃபையரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறதே, ஒரே சொல் போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மன் என்ற ஆம்ப்ளிஃபையர் அப்படித்தான். 1950-களின் கடைசியில் வந்த அந்தப் பெட்டியில் வால்வுகளும் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களும் சேர்ந்தே இருந்தன, பின்பக்கம் திறந்திருந்தது. 1962-இல் லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவரிடம் வேலை பார்த்தவர்களும் பாஸ்மனின் மின்சுற்றை அநேகமாக அப்படியே எடுத்து ஜேடிஎம்45 என்ற ஆம்ப்ளிஃபையரைச் செய்தார்கள். ஆனால் ஆம்ப்ளிஃபையரைத் தனியாகப் பிரித்துவிட்டு, நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களைப் பின்பக்கம் மூடிய வேறொரு பெட்டியில் வைத்தார்கள். சுற்று கிட்டத்தட்ட ஒன்று, பெட்டி வேறு, நாதமும் வேறு. மார்ஷல் சத்தம் மார்ஷல் சத்தமானதற்கு இந்தப் பெட்டி ஒரு முக்கியக் காரணம். இரண்டுக்கும் ஒலிபெருக்கி என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த விஷயத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள். "ஒலிபெருக்கி அதேதான், ஆனால் ஒலிபெருக்கி வேறு" என்று வரும்.

ஆகவே ஆம்ப்ளிஃபையர் பெருக்கி, ஸ்பீக்கர் ஒலிபெருக்கி. டியூப் ஆம்ப்ளிஃபையர் வால்வு பெருக்கி.

"வால்வு தமிழா?" என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். இல்லைதான். லத்தீனில் 'வால்வா' என்றால் மடக்குக் கதவின் ஒரு பலகை. தமிழ் வேண்டுமென்றால் 'ஓரதர்' இருக்கிறது. அதர் என்றால் வழி, சங்கப் பாட்டிலேயே உண்டு. ஒரே வழி, அதாவது ஒருவழி விடுவது. யார் செய்த சொல்லோ, அழகான சொல், குழாயைவிட நூறு மடங்கு சரியான சொல். 'ஓரதர்ப் பெருக்கி' என்று பாடநூலில் போட்டால் கைதட்டுவேன். ஆனால் இரண்டு விநாடி ஓடி மறையும் வசனவரியில் அது நிற்காது. வால்வு அப்படி இல்லை. வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சொல். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது, வால்வு சூடாக வேண்டும், அரை நிமிடம் ஆகும். கெட்டுப்போனால் "வால்வு போயிடுச்சு" என்பார் மெக்கானிக். பாதி ஆங்கிலம், பாதி தமிழ் என்று யாராவது முகம் சுளித்தால், ரயில் நிலையத்துக்கு எப்படிப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

மற்ற சொற்களையும் விட மனமில்லை. 'பழங்கால' என்றால் கீழடியில் தோண்டி எடுத்தது போல இருக்கிறது, 'பழைய' போதும். 'வெப்பமான'? குளிர் நாட்டுக்காரனுக்கு வெதுவெதுப்பு சுகம். நமக்கோ நல்லதெல்லாம் குளிர்ச்சி, கண்ணுக்கும் சரி, மனசுக்கும் சரி. இதமான என்று சொல்லலாமே. (வால்வு என்னவோ வெப்பமாகத்தான் இருக்கும், தொட்டால் கை வெந்துவிடும். அது வேறு விஷயம்.) 'தொனி' பேச்சுக்கு உரியது, கேலித் தொனி, மிரட்டல் தொனி என்பது போல. கிதாருக்கு நாதம் என்ற சொல் இருக்கிறது.

இன்னொரு வரியில் டிஸ்டார்ஷனுக்கு 'ஒலிச் சிதைவு' என்றும் வந்தது. வால்வைத் தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சி மழுங்கி, மூலச் சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் சேரும். பதிவுப் பொறியாளர்களுக்கு அன்று அது பிழை. 1966-இல் ஜான் மேயாலின் இசைக் குழுவோடு பதிவுக்கு வந்த கிதார்க் கலைஞர் எரிக் கிளாப்டன், மார்ஷலை மேடையில் வைப்பது போலவே சத்தமாக வைத்துத்தான் வாசிப்பேன் என்று நின்றார். அவர் வேண்டுமென்றே வரவழைத்ததைச் சிதைவு என்பதா? தி கிங்க்ஸ் குழுவின் கிதார்க் கலைஞர் டேவ் டேவிஸ் 1964-இல் தன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிளேடால் கிழித்து வாசித்தார். அதை வேண்டுமானால் சிதைவு என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

தம்புராவில் குதிரைக்கும் (தந்தியைத் தாங்கும் கட்டைக்கும்) தந்திக்கும் நடுவே நூலைச் செருகுவார்கள். தந்தி உரசி ரீங்கரிக்கும், மேற்சுரங்கள் பொங்கி வரும். அங்கேயும் சுத்தமான சுரத்தோடு வேறொன்று சேரத்தான் செய்கிறது. அதற்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ஜீவா. அப்படிப் பெயர் வைத்த மொழியில் கிளாப்டனுக்குச் சிதைவு என்று எழுதக் கை வரக் கூடாது. கரகரப்பு என்று எழுதலாம். கரகரப்பான குரலை ரசிக்கத் தெரிந்தவர்கள்தானே நாம்.