டைபிடாட் முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

காய்ச்சல் தொடங்கிய மறுநாளே, டைபாய்டைக் கண்டறிவதற்கான டைபிடாட் என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு, ‘ஐஜிஜி பாசிட்டிவ்’ என்ற முடிவை மட்டும் நம்பி ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தொடங்கிவிடுவோரை, நுண்ணுயிரியல் மருத்துவராக நான் தொடர்ந்து காண்கிறேன். அந்த முடிவு எதைச் சொல்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கியிருப்பதில்லை.

டைபாய்டை உண்டாக்கும் சால்மொனெல்லா டைஃபி பாக்டீரியாவின் புறச்சவ்வில் ஏறத்தாழ 50 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள ஒரு புரதம் இருக்கிறது. மலேசியாவில் உருவாக்கப்பட்ட டைபிடாட், அந்தப் புரதத்துக்கு எதிராக நம் உடல் உண்டாக்கிய எதிர்பொருள்களைத்தான் தேடுகிறதே தவிர, பாக்டீரியாவை அன்று. ஐஜிஎம் வகை எதிர்பொருள் முதலில் தோன்றும். அதுவும் காய்ச்சலின் முதல் சில நாள்களில் தென்படாமல் போகலாம். ஐஜிஜி வகையோ, நோய் தீர்ந்து ஈராண்டுகளுக்குப் பிறகும் இரத்தத்தில் தங்கியிருக்கக்கூடும். ஆகவே, டைபாய்டு பரவலாக உள்ள நம் ஊர்களில், ஐஜிஜி மட்டும் தென்படுவது பழைய தொற்றின் தடமாக இருக்கலாம். அதே வேளையில், முன்பு டைபாய்டு வந்தவருக்கு அது மீண்டும் வந்தால், ஐஜிஜி விரைந்து உயர்ந்து ஐஜிஎம்மை மறைத்துவிடுவதும் உண்டு.

இந்தக் குழப்பத்தில் எனக்கு மிகுந்த கவலை தருவது, சிற்றுண்ணி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறொரு பாக்டீரியா காய்ச்சல். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையொட்டிய குளிர்காலத்திலும் மிகுதியாகக் காணப்படும் இக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தேவை. டைபாய்டு என்று கருதிப் போடப்படும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி இதற்குப் பயன்படாது. அந்தத் தாமதத்தில் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

டைபாய்டை உறுதிசெய்ய நாங்கள் நாடுவது, இரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர். நோயாளியின் இரத்தத்தில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பாக்டீரியா என்ற அளவே இருப்பதால், பெரியவர்களிடம் 10 மில்லிலிட்டர் வரை இரத்தம் எடுக்கிறோம். அதையும் ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே எடுத்தாக வேண்டும். அப்படியும் நூற்றுக்கு அறுபது பேர் அளவில்தான் கிருமி வளர்கிறது என்றாலும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதைக் கல்ச்சர் காட்டிவிடும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் செஃப்ட்ரையாக்சோனுக்கும் கட்டுப்படாத டைபாய்டு பரவியதை நினைத்தால், இத்தகவலின் அருமை விளங்கும். எதிர்பொருள் பரிசோதனை எதுவும் இதைத் தராது.

நோய் தீர்ந்ததா என்று அறிய டைபிடாட்டைத் திரும்பச் செய்யவும் வேண்டாம். குணமானவருக்கும் அது பாசிட்டிவாகவே வரலாம்.