புரோட்டான் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டில் ஆலத்தி கரைக்கும்போது கவனித்திருப்பீர்கள். மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு விழுந்ததும் குபீரென்று சிவந்துவிடும். சுண்ணாம்பின் காரம், மஞ்சளில் உள்ள குர்குமின் மூலக்கூறிலிருந்து ஒரு புரோட்டானை, அதாவது எலக்ட்ரான் இல்லாத ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்கிறது. அந்தச் சிவப்புக்குக் காரணம் அதுதான். உடனே எலுமிச்சை பிழிந்தால் புரோட்டான் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும், மஞ்சளும் திரும்பும்.

குர்குமினுக்குள்ளேயே ஒரு ஹைட்ரஜன் இடம் மாறவும் செய்யும். நடுக் கார்பனில் இருந்தால் கீட்டோ வடிவம், பக்கத்து ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஈனால் வடிவம். இப்படிப்பட்ட ஜோடிகளை டாட்டோமர்கள் என்கிறோம். அணுக்கள் அதே அணுக்கள்தான், ஆனால் கீட்டோ நடுவில் மடங்கி நிற்கும், ஈனால் தட்டையாக நீளும். கரைசலில் பெரும்பாலும் இருப்பது ஈனால். அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்தகவலியல் படிக்கும் பிள்ளைகள் குர்குமினை டாக்கிங் (மூலக்கூறு புரதத்தின் குழியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது) செய்யும் முன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மருந்து புரதத்தின் குழிக்குள் தங்குவதில் ஹைட்ரஜன் பிணைப்புக்கும் மின்னூட்ட ஈர்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு. ஹைட்ரஜனைக் கொடுப்பது யார், வாங்குவது யார் என்பது மாறினால் ஈர்ப்பு போய் விலக்கம் வந்துவிடும். புரதத்தின் பக்கமும் இதே கதைதான். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்து நிற்கும் பிஎச் (அமில-கார அளவு), சுமார் 6. அதன் வளையத்தில் இரண்டு நைட்ரஜன்கள். புரோட்டான் இதிலோ அதிலோ இரண்டிலுமோ இருக்கலாம். எக்ஸ்ரே படத்தில் பார்த்துச் சொல்லலாமென்றால், எக்ஸ்ரே சிதறுவது எலக்ட்ரான்களால். ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. அதனால் அது பெரும்பாலும் தெரிவதில்லை.

சரி, ரத்தத்தின் பிஎச் 7.4, அதை வைத்துக் கணக்கிட்டால் போதாதா? போதாது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைப் பாருங்கள். அதன் வளையத்தின் பிகேஏ 6-க்கும் கீழே, எனவே ரத்தத்தில் அது பெரும்பாலும் புரோட்டான் இல்லாமல்தான் திரிகிறது. ஆனால் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியின் குழிக்குள் எதிர்மின்னூட்டமுள்ள ஓர் அமிலக் கூறு காத்திருக்கிறது. அங்கே போனதும் வளையம் புரோட்டானை ஏற்றுக்கொண்டு அதோடு இறுக்கமாகப் பிணைகிறது. இந்த நொதி வழக்கமாகப் பிடிக்கும் ஃபோலேட் என்ற வைட்டமினின் வளையம் உட்காரும் முறைக்கு இது தலைகீழாகத் திரும்பியும் நிற்கிறது! குழியே மருந்தின் நிலையை மாற்றிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

ஆகவே நடக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் தயார் செய்து, ஒவ்வொன்றாக டாக்கிங் செய்வதே நல்லது. அப்புறம், அரிய வடிவத்துக்கு மாற ஆகும் ஆற்றல் செலவையும் பிணைப்பு ஆற்றலிலிருந்து கழிக்க மறக்கக் கூடாது. ஒரு வடிவம் 10 மடங்கு அரிது என்றால், உடல் வெப்பத்தில் அந்தச் செலவு மோலுக்குச் சுமார் 1.4 கிலோகலோரி.