காலை இழுப்பதும் காலை வாருவதும்

புதுச்சேரிக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் என் அக்கா மகள் வேலை பார்க்கிறாள். அறையைக் காலி செய்ய வந்த ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர், குளியலறைத் துண்டுகளையெல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். இவள் முகம் மாறியதும் சிரித்தபடியே, ‘ஐ வாஸ் ஒன்லி புல்லிங் யுவர் லெக்’ என்றாராம். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பொருள். இவள் காதிலோ ‘உன் காலை வாரினேன்’ என்று விழுந்திருக்கிறது. ‘செய்ததும் போதாமல் சொல்லியும் காட்டுகிறாரே சித்தி’ என்று அன்று மாலை பொருமினாள்.

தமிழில் ஒருவன் மண்டையைப் போட்டால், எங்கே போட்டான் என்று யாரும் தேடுவதில்லை. ஆங்கிலத்தில் வாளியை உதைத்தால் சாவு. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஓய்வூதியம் வாங்கிவந்த எங்கள் தெரு சொல்தா தாத்தா, வயதொத்தவர் யாராவது போய்விட்டால் ‘சுங்கானை உடைத்துவிட்டான்’ என்பார்; சுங்கான் என்றால் புகைபிடிக்கும் குழாய். அது பிரெஞ்சு வழக்கு. மண்டை, வாளி, சுங்கான் எதற்கும் சாவோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. தாய்மொழிக்காரரின் மூளை இத்தகைய தொடரைச் சொல் சொல்லாகக் கூட்டிப் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. நீளமான ஒற்றைச் சொல்லைப் போல முழுதாக எடுத்துக்கொள்கிறது. மொழி உளவியலாளர்களான டேவிட் ஸ்வின்னி, ஆன் கட்லர் இருவரும் 1979இல் வெளியிட்ட சோதனையில், ஆங்கிலம் பேசுவோர் சாதாரணத் தொடர்களைவிட மரபுத்தொடர்களையே விரைவாக அடையாளம் கண்டார்கள். புதிதாகக் கற்பவருக்கு அந்தச் சேமிப்பு இல்லை. வாளி, உதை என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு திண்டாடுகிறார்.

எல்லாத் தொடரும் ஒரே அளவுக்கு உறைந்தவை அல்ல. ‘மண்டை போடப்பட்டது’ என்றால் சிரிப்பார்கள். ‘குட்டை உடைத்தான்’, ‘குட்டு உடைந்தது’ இரண்டும் செல்லும். குட்டு ரகசியம், உடைப்பது வெளிப்படுத்துவது என்று பிரித்துப் பொருள் கொள்ள இடமிருக்கிறது. ரகசியத்தைக் கக்குவதற்கு ஆங்கிலத்தில் பீன்ஸைக் கொட்டுவார்கள். அதையும் இப்படித் திருப்பிப் போடலாம், கொஞ்சம் ஊகிக்கவும் செய்யலாம். வாளியை எத்தனை முறை உதைத்தாலும் சாவு ஊகத்தில் வராது.

ஆனாலும் வாளி அவ்வளவு ஆபத்தில்லை என்பேன். புரியவில்லை என்பதாவது புரிந்துவிடும், யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். மொழி கற்றலை ஆராய்ந்த சூசன் இருஹோ 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானியம் பேசும் வெனிசுவேலா மாணவர்கள் 12 பேருக்கு, இரு மொழியிலும் அச்சாக ஒத்த ஆங்கிலத் தொடர்கள் எளிதாக வந்தன. முற்றிலும் வேறானவை கடினமாக இருந்தன. பாதி ஒத்தவற்றைப் புரிந்துகொண்டார்கள், ஆனால் சொல்லும்போது தாய்மொழி குறுக்கே வந்து விழுந்தது. நமக்கும் ‘கை கழுவுவது’ ஆங்கிலத்திலும் அப்படியே இருப்பதால் சிக்கலில்லை. கால் விஷயம்தான் மோசம்: சொல் கிட்டத்தட்ட ஒன்று, பொருள் வேறு. நாம் துரோகத்துக்கு வாருவதை அவர்கள் கேலிக்கு இழுக்கிறார்கள். ஸ்பானியக்காரர்கள் அதே கேலிக்குத் தலைமுடியைப் பிடிக்கிறார்கள். நல்லவேளை, அந்தப் பெரியவர் ஸ்பானியர் இல்லை.

எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, துண்டுகளை எண்ணிப் பார்த்தாயா என்று கேட்டேன்.

‘நான்கும் கம்பியில்தான் தொங்கின சித்தி’ என்றாள்.